ஒரு வீடு, ஏழு தாள்

பி.காம் படிக்கிறவனுக்கு ஆட்டோகேடில் என்ன வேலை என்று என் வகுப்பு நண்பர்களே கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். பற்று, வரவு, தேய்மானம், ஜிஎஸ்டி என்று போகிற படிப்பு என்னுடையது. ஆனால் மாங்காட்டில் என் பெரியப்பா மகன், அதாவது எங்கள் அண்ணன், ஒரு சின்ன பிளான் கடை வைத்திருக்கிறார். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் படித்தவர். வீட்டு பிளான் வரைவது அவர் வேலை. சரிபார்த்துக் கையெழுத்துப் போட பதிவு பெற்ற இன்ஜினியர் ஒருவர் இருக்கிறார். சாயங்காலம் கல்லூரி விட்டு வந்ததும் அந்தக் கடையில் உட்கார்ந்து பில் போடுவது, பிரிண்ட் எடுப்பது, டேலியில் கணக்கு ஏற்றுவது எல்லாம் என் வேலை. சம்பளம் என்று எதுவும் கிடையாது. டீயும் பஜ்ஜியும் உண்டு :-)

வெளியூர்க்காரர்களுக்கு மாங்காடு என்றால் காமாட்சி அம்மன் கோயில். ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு வந்து போகிற ஊர். எங்களுக்கு அது வீடு கட்டுகிற ஊர். 2021ல் பேரூராட்சியாக இருந்தது நகராட்சி ஆனது. ஒரு காலத்தில் வயலாக இருந்ததெல்லாம் இப்போது மனை. அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி, முப்பதுக்கு நாற்பது. அதில் ஒரு வீடு. வாங்குகிறவர் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி, மிச்சத்துக்கு வங்கிக் கடன் போட்டிருப்பார். அந்த வீடு முதலில் பிறப்பது இந்த மாதிரி சின்னக் கடைகளின் கம்ப்யூட்டரில்தான். அதனால் அங்கே தாள்கள் எப்படி அடுக்கப்படுகின்றன என்பது வெறும் சாஃப்ட்வேர் விஷயம் இல்லை. சில மாதங்களுக்கு முன் வந்த ஒரு பெரியவர் எனக்கு அதைப் புரியவைத்தார்.

அவர் ஓட்டுநர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பிளான் எங்கள் கடையில் போட்டதல்ல, வேறு இடத்தில். எந்த இடம் என்பது இங்கே தேவையில்லை. ஒரு மஞ்சள் பையில் சுருட்டிய தாள்களைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். "தம்பி, எதை நம்பி குழி வெட்டறதுன்னு மேஸ்திரி கேக்கறாரு. எனக்குச் சொல்லத் தெரியலை" என்றார்.

நடந்தது இதுதான். முதல் பிளானில் மாடிப்படி வீட்டின் முன்பக்கம் இருந்தது. பெட்ரூமுக்கு இடம் போதவில்லை என்று இவர் சொல்ல, படியைப் பக்கவாட்டுக்கு மாற்றி வரைந்து கொடுத்திருக்கிறார்கள். தரைத்தள பிளான் மாறிவிட்டது. ஆனால் பில்லர் எங்கெங்கே வரும் என்று காட்டுகிற தாள் மாறவில்லை. மேஸ்திரி பில்லர் தாளைப் பார்த்து நூல் கட்டி, சுண்ணாம்பு போட்டு, ஒன்பது குழி வெட்டிவிட்டார். இரண்டு குழி பழைய படிக்கட்டுக்கானது. ஒன்றில் கம்பி வலை வைத்து ஃபுட்டிங் கான்கிரீட்டும் போட்டாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் புதுப் படிக்கு இடம் பார்க்கும்போது தெரிந்திருக்கிறது, படி ஒரு பக்கம், அதைத் தாங்க வேண்டிய பில்லர் இன்னொரு பக்கம் என்று. ஒரு வாரக் கூலி, கம்பி, சிமெண்ட் எல்லாம் மண்ணுக்குள் போயிற்று. பெரியவருக்கு வங்கியிலிருந்து வர வேண்டிய அடுத்த தவணை, வேலை குறிப்பிட்ட நிலைக்கு வந்தால்தான் வரும். அது வேறு தள்ளிப்போயிற்று.

அண்ணன் தாள்களை விரித்தார். மொத்தம் ஐந்து. ஐந்திலும் தாள் எண் என்ற கட்டத்தில் "1" என்றே இருந்தது. தரைத்தள பிளான் இரண்டு இருந்தன. இரண்டிலும் ஒரே தேதி. எது புதுசு என்று படிக்கட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"டேய் தம்பி, எது எதோட ஒத்துப்போகலைன்னு நீ பாத்து எழுது. பாஸ்புக்கையும் கேஷ்புக்கையும் வச்சு நோண்டறவன் நீதானே" என்றார் அண்ணன்.

அவர் கிண்டலாகச் சொன்னாலும் வேலை அதேதான். எங்கள் பாடத்தில் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் என்று ஒன்று உண்டு. ஒரே பணத்தை நம் ரொக்க ஏடும் வங்கியும் தனித்தனியாக எழுதிவைத்திருக்கும். இரண்டும் ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்று வரி வரியாகத் தேடுவோம். அன்று இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்து தேடினேன். பதினொரு முரண்பாடு கிடைத்தது. ஒரு ஜன்னல் பிளானில் நாலடி, முகப்பில் ஐந்தடி. செப்டிக் டேங்க் ஒரு தாளில் வடக்கே, இன்னொன்றில் மேற்கே. இப்படி.

இத்தனை எப்படி வந்தது என்று அண்ணனிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "நாங்க எல்லாருமே இப்படித்தான்டா வரையறோம்" என்றார். கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். ஒரே கோப்பில் தரைத்தளம், பக்கத்தில் அதையே காப்பி எடுத்து மாற்றிய முதல் தளம், அதற்குப் பக்கத்தில் இன்னொரு காப்பி எடுத்து அதில் பில்லர், இன்னொரு காப்பியில் ஒயரிங். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சட்டம். பிரிண்ட் எடுக்கும்போது அந்தச் சட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். வேகமான வழிதான். ஆனால் அந்த வீட்டின் வடக்குச் சுவர் அந்தக் கோப்பில் நாலு தடவை இருக்கிறது. சுவர் நகர்ந்தால் நாலு இடத்தில் நகர்த்த வேண்டும். மூன்று இடத்தில் நகர்த்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரியவரின் மனையில் இருந்த குழிதான் பதில்.

இதற்கு ஆட்டோகேடிலேயே வழி இருக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். புதுசாக வந்ததும் இல்லை. ஆட்டோகேட் 1982ல் வந்தது. 1990ல் வந்த பதினோராம் வெளியீட்டில் பேப்பர் ஸ்பேஸ் என்ற ஒன்றைச் சேர்த்தார்கள். அதாவது, வரைவதற்கு ஓர் இடம், தாளில் அடுக்குவதற்கு வேறோர் இடம். முதல் இடத்துக்கு மாடல் ஸ்பேஸ் என்று பெயர். அங்கே வீட்டை நிஜ அளவிலேயே வரைய வேண்டும். முப்பதடிச் சுவர் என்றால் முப்பதடிதான். அளவைச் சுருக்கும் கவலையே அங்கே கிடையாது. இரண்டாவது இடத்தில் ஒரு வெறும் தாள் இருக்கும். அந்தத் தாளில் ஜன்னல் மாதிரி ஒரு ஓட்டை போடலாம். அதற்கு வியூபோர்ட் என்று பெயர். அந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் அந்தப் பக்கம் இருக்கிற வீடு தெரியும். ஒரு ஓட்டையில் 1:100, இன்னொன்றில் 1:20 என்று ஒரே தாளில் வேறு வேறு அளவுகோலில் காட்டலாம். ஒரு தாளில் கட்டில், சோபா தெரிய வேண்டாம் என்றால் அந்த லேயரை அந்த ஓட்டைக்கு மட்டும் மறைத்துவிடலாம். வீடு அப்படியே இருக்கும், பார்வை மட்டும் மாறும்.

ஆரம்பத்தில் ஒரு கோப்புக்கு இப்படி ஒரே ஒரு தாள் இடம்தான். 1999ல் வந்த ஆட்டோகேட் 2000ல்தான் ஒரே கோப்பில் எத்தனை தாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. அவற்றுக்கு லேஅவுட் என்று பெயர். திரையின் அடியில் எக்செல் மாதிரி வரிசையாக டேப் தெரியுமே, அதுதான். 2004ல் வந்த ஆட்டோகேட் 2005ல் ஷீட் செட் மேனேஜர் வந்தது. பல கோப்புகளில் இருக்கிற தாள்களையும் ஒரே பட்டியலில் கட்டி, எண் கொடுத்து, அட்டவணைத் தாளைத் தானே தயார் செய்து, மொத்தத்தையும் ஒரே தொகுப்பாக வெளியே தள்ளுகிற வசதி. நான் பிறந்ததற்கு முன்னால் வந்தவை இவையெல்லாம்.

காமர்ஸ் மாணவர்களுக்கு இதைப் புரியவைக்க எனக்கு டேலியே போதும். டேலியில் நாம் எழுதுவது வவுச்சர் மட்டும்தான். ஒரு விற்பனையை ஒரே ஒருமுறைதான் பதிகிறோம். பிறகு டே புக்கைத் திறந்தால் அதே விற்பனை ஒரு விதமாகத் தெரியும். லெட்ஜரைத் திறந்தால் வேறு விதம். இருப்பாய்வு, இலாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு என்று ஒவ்வொன்றும் அதே பதிவைப் பார்க்கிற ஒவ்வொரு ஜன்னல். வவுச்சரில் தொகையைத் திருத்தினால் எல்லா அறிக்கையும் தானே மாறும். யாராவது இருப்புநிலைக் குறிப்பை எக்செலில் தனியாகத் தட்டச்சு செய்து வைத்தால் சிரிப்போம் அல்லவா? பில்லர் பிளானுக்காக வீட்டைக் காப்பி எடுப்பதும் அந்த ரகம்தான். மாடல் ஸ்பேஸ்தான் வவுச்சர். லேஅவுட்தான் அறிக்கை. இதை அண்ணனிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நான் இருபது வருஷமா சிங்கிள் என்ட்ரி போட்டுட்டு இருக்கேன்னு சொல்றே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை :-)

ஆனால் அண்ணன் பக்கமும் நியாயம் உண்டு. சின்ன வீட்டுக்கு வாங்குகிற தொகை கம்மி. இரண்டு நாளில் கேட்பார்கள். பிரிண்ட் கடைக்குக் கோப்பு அனுப்பினால் அங்கே இருக்கிற பையன் மாடல் ஸ்பேஸை மட்டும் திறந்து பார்த்துவிட்டு "ஒண்ணுமே பிரேம் இல்லையே சார்" என்பான். இன்னொரு இன்ஜினியருக்கு அனுப்பினால் அவர் வியூபோர்ட்டுக்குள் தெரியாமல் உருட்டி அளவுகோலைக் கெடுத்து அனுப்புவார். எழுத்து அளவு வேறு ஒரு தலைவலி. தாளில் இரண்டரை மில்லிமீட்டர் உயரமாவது இருந்தால்தான் சைட்டில் படிக்க முடியும். 1:100க்குச் சரியாக இருக்கிற எழுத்து 1:20 ஜன்னலில் ஐந்து மடங்கு பெரிசாக நிற்கும். 2008 பதிப்பில் அனோடேடிவ் என்று ஒரு வசதி வந்து இதைத் தீர்த்தது. ஆனால் பழகிய கை பழகியதைத்தான் செய்யும். பழகாததைக் கற்றுக்கொள்ளும் இரண்டு நாள் கூலியை யார் தருவார் என்று அவர் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பெரியவரின் வீட்டை மட்டுமாவது இந்த முறையில் செய்து பார்ப்பது என்று முடிவானது. மாடல் ஸ்பேஸில் வீடு ஒரே ஒரு தடவை. அதன் மேல் பில்லர் ஒரு லேயர், ஒயரிங் ஒரு லேயர், தண்ணீர்க் குழாய் ஒரு லேயர். முதல் தளம் அதே மூலைப் புள்ளியில் தரைத்தளத்தின் மேலேயே, தனி லேயர்களில். வரைந்த முதல் நாளே ஒரு விஷயம் தெரிந்தது. படியை நகர்த்தினால் பில்லர் தானாக நகராது. ஆட்டோகேட் அவ்வளவு புத்திசாலி இல்லை. ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று இருப்பதால் முட்டிக்கொள்வது கண்ணுக்குத் தெரியும். தனித்தனிக் காப்பியாக இருந்தபோது அது ஒளிந்திருந்தது. எங்கள் பாடத்திலும் இதுதானே. இருப்பாய்வு சமமாகிவிட்டால் தவறே இல்லை என்று அர்த்தம் இல்லை. விடுபட்ட பிழை, ஈடுசெய் பிழை எல்லாம் அதற்குப் பிறகும் இருக்கலாம். சமமாகாவிட்டால் மட்டும் நிச்சயமாக ஏதோ கோளாறு.

பிறகு தாள் பிரித்தோம். ஏ3 தாள் போதும் என்றார் அண்ணன். 420க்கு 297 மில்லிமீட்டர். முப்பதுக்கு நாற்பது மனை 1:50ல் சுமார் 183க்கு 244 மில்லிமீட்டர் வரும். ஓரத்தில் பெயர்ப் பட்டை போக மிச்ச இடத்தில் நன்றாக உட்காரும். சாதாரண கடையிலேயே பிரிண்ட் எடுக்கலாம், ஒரு மடிப்பு மடித்தால் ஏ4 ஆகிவிடும். இந்த ஏ வரிசைத் தாள்களின் அழகே அதுதான். பாதியாக மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாது. 1922ல் ஜெர்மனியில் தரப்படுத்தியது, இன்று உலகத்தில் பெரும்பாலான நாடுகளில் அதுதான்.

எண் கொடுப்பதற்கு அமெரிக்காவில் வழக்கத்தில் இருக்கிற ஒரு முறையை எடுத்துக்கொண்டோம். முதல் எழுத்து எந்தத் துறை என்று சொல்லும். ஜி என்றால் பொது, ஏ என்றால் கட்டட அமைப்பு, எஸ் என்றால் தாங்கும் அமைப்பு, இ என்றால் மின்சாரம். அடுத்த இலக்கம் எந்த வகைத் தாள் என்று சொல்லும். 1 என்றால் பிளான், 2 முகப்பு, 3 வெட்டுத்தோற்றம், 5 நுணுக்க விவரம். கடைசி இரண்டு இலக்கம் வரிசை எண். எங்கள் ஏழு தாள் இப்படி அமைந்தது. ஜி-001ல் தாள்களின் அட்டவணையும் மனையின் இருப்பிடமும். ஏ-101 தரைத்தளம், ஏ-102 முதல் தளம். ஏ-201ல் முகப்பும் இடம் இருந்ததால் வெட்டுத்தோற்றமும். எஸ்-101 பில்லர் இருக்கும் இடங்கள். எஸ்-501 ஃபுட்டிங், கம்பி விவரம். இ-101 ஒயரிங்.

இப்படிப் பிரிக்கும்போது எனக்குப் புரிந்தது, தாள் பிரிப்பது என்பது ஆள் பிரிப்பது. நூல் கட்டும் மேஸ்திரிக்கு எஸ்-101 போதும். கம்பி வளைக்கிறவருக்கு எஸ்-501. எலக்ட்ரீஷியனுக்கு இ-101. வீட்டுக்காரருக்கு முகப்பைப் பார்த்தால்தான் சந்தோஷம். எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டுக் கொடுத்தால் நிழலில் நின்றுகொண்டு பீடியோடு அதைப் பிரித்துப் பார்க்கிற மனிதர், தனக்கு வேண்டிய ஒரு அளவைத் தேடிச் சலித்துப்போய், கேள்விப்பட்டதை வைத்துக் கட்டுவார். தேவையானது மட்டும் இருக்கிற தாள் அவருடைய நேரத்துக்கு நாம் கொடுக்கிற மரியாதை.

தாள் பிரிப்பது கம்ப்யூட்டர் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. அதற்கு எங்கள் பக்கமே பெரிய உதாரணம் இருக்கிறது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற பரங்கிமலையில் தொடங்கித்தான் 1802ல் வில்லியம் லாம்டன் சுமார் ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி வைத்து அளந்தார். நாடு முழுவதையும் முக்கோணங்களாக அளந்த பெரிய சர்வேக்கு அது அடிப்படைக் கோடு. அளந்தது ஒரு நாடு. ஆனால் ஒரு நாட்டை ஒரே தாளில் வைத்துக்கொண்டு நடக்க முடியுமா? சர்வே ஆஃப் இந்தியா அதைத் தாள்களாகப் பிரித்தது. நாலு டிகிரிக்கு நாலு டிகிரி ஒரு பெரிய எண். அதற்குள் ஒரு டிகிரிக் கட்டங்கள் பதினாறு, ஏ முதல் பி வரை ஆங்கில எழுத்து வரிசையில். ஒவ்வொன்றுக்குள்ளும் மறுபடி பதினாறு. அந்தக் கணக்குப்படி மாங்காடு இருப்பது 66 சி/4. தாள் எண்ணைச் சொன்னாலே பூமியில் எந்த இடம் என்று தெரிந்துவிடும். எண்ணே முகவரி.

இதில் ஒரு வேடிக்கை. தாள்கள் பிரிகிற 13 டிகிரிக் கோடு நம்மூருக்குத் தெற்கே குன்றத்தூர் பக்கமாகப் போகிறது. அதற்குத் தெற்கே அடுத்த தாள், 66 டி/1. நமக்கு மாங்காடும் குன்றத்தூரும் ஷேர் ஆட்டோ தூரம். வரைபடத்தில் வேறு வேறு தாள். ஓரத்தில் ஒரு சாலை வெட்டுப்பட்டால் அடுத்த தாளில் அது அதே இடத்தில் தொடங்க வேண்டும். தொடங்குகிறது. ஏனென்றால் தாள்கள் பல என்றாலும் அளந்தது ஒன்று.

இன்னும் கிட்டத்தில் வேண்டுமென்றால் உங்கள் பட்டாவைப் பாருங்கள். ஒரு கிராமத்துக்கு ஒரு கிராம வரைபடம். அதில் புல எண்கள் மட்டும் இருக்கும். ஒவ்வொரு புல எண்ணுக்கும் தனித்தாளாகப் புலப்படம். எஃப்எம்பி என்று எல்லோரும் சொல்கிறோமே, அதுதான். உட்பிரிவு ஆனால் 127/2ஏ என்று எண் நீளும். அட்டவணைத் தாள், விவரத் தாள், எண் முறை என்று ஷீட் செட் மேனேஜரில் இருக்கிற எல்லாம் தாலுகா ஆபீஸ் அலமாரியில் எப்போதோ இருந்திருக்கிறது. பின்னால் என்ஐசி உருவாக்கிய கொலாப்லேண்ட் என்ற மென்பொருளில் இந்தப் படங்களை ஏற்றினார்கள். இப்போது வீட்டிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். உட்பிரிவு நடந்தும் புலப்படத்தில் ஏறாமல் போனால் என்ன தகராறு வரும் என்று நிலம் வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதுவும் பெரியவரின் குழி மாதிரிதான். இரண்டு தாள், இரண்டு உண்மை.

சரி, ஏழு தாளும் பிரிண்ட் ஆகிவிட்டது. இத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்று அண்ணன் நினைத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாடலில் ஒரு கோட்டை நகர்த்தினால் கம்ப்யூட்டரில் இருக்கிற எல்லாத் தாளும் மாறும். மேஸ்திரியின் சட்டைப் பையில் இருக்கிற தாள் மாறாது. வெளியே போன காகிதம் போனதுதான். கையெழுத்தாகிப் போன இருப்புநிலைக் குறிப்பு டேலியில் நாம் பிறகு செய்கிற திருத்தத்தைக் கேட்டு மாறுமா என்ன? அது எந்தத் தேதியின் உண்மை என்று அதிலேயே எழுதியிருக்க வேண்டும். யார் யாரிடம் அது இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது சாஃப்ட்வேர் செய்கிற வேலை இல்லை. கணக்குப்பிள்ளை செய்கிற வேலை.

அதனால் இரண்டு காரியம் செய்தேன். தாளின் வலது கீழ் மூலையில் இருக்கிற பெயர்ப் பட்டையில் திருத்தம் என்று ஒரு சின்னக் கட்டம் சேர்க்கச் சொன்னேன். முதலில் கொடுப்பது ஆர்0, அடுத்தது ஆர்1, பக்கத்தில் தேதி, என்ன மாறியது என்று ஒரு வரி. வலது கீழ் மூலையில் வைப்பதற்கும் காரணம் உண்டு. முறைப்படி மடித்தால் அந்த மூலைதான் மேலே வரும். பிரிக்காமலே தாளை அடையாளம் தெரியும். இரண்டாவது, கடையில் ஒரு நீள நோட்டு வாங்கி வைத்தேன். தேதி, தாள் எண், திருத்த எண், யாருக்கு, எத்தனை பிரதி, பழையது திரும்பி வந்ததா, கையெழுத்து. ஏழு பத்தி. இருப்புப் பதிவேடு எழுதத் தெரிந்த யாரும் எழுதலாம். "காகிதத்துக்கு ஸ்டாக் ரிஜிஸ்டரா?" என்று அண்ணன் சிரித்தார்.

மூன்று வாரம் கழித்து அதற்கு வேலை வந்தது. மாற்றிய இடத்தில் குழி வெட்டியபோது மண் இளக்கமாக இருந்தது. பழைய வயல்காடு. இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு அந்த இரண்டு ஃபுட்டிங்கையும் நாலடியிலிருந்து ஐந்தடியாக்கச் சொன்னார். எஸ்-501 ஆர்1 ஆனது. நோட்டைப் பார்த்தேன். ஆர்0 நாலு பிரதி போயிருந்தது. பெரியவரிடம் ஒன்று, மேஸ்திரியிடம் ஒன்று, இன்ஜினியரிடம் ஒன்று. மூன்றும் திரும்பி வந்து, குறுக்கே ரத்து என்று எழுதியாயிற்று. நாலாவது கம்பி கட்டுகிறவரிடம். அவர் அன்றைக்கு மாங்காட்டிலேயே இல்லை, காட்டுப்பாக்கத்தில் வேறு வேலையில் இருந்தார். அண்ணன் போன் போட்டார்.

"வண்டி டேங்க் கவர்லதான் சார் இருக்குது. நாளைக்கு அதைப் பாத்துத்தான் கம்பி வெட்டலாம்னு இருந்தேன்" என்றார் அவர்.

மறுநாள் அவர் வெட்டியிருந்தால் ஒவ்வொரு கம்பியும் ஒரு அடி குட்டை. வெட்டிய கம்பியை நீட்ட முடியாது. பெரியவர் மறுபடி ஒரு தடவை மண்ணுக்குள் பணம் போட்டிருப்பார். அவருக்கு இப்படி ஒரு நோட்டு இருப்பதே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அண்ணன் அந்த நோட்டைப் பற்றிச் சிரிப்பதில்லை. யாராவது தாள் வாங்க வந்தால், "தம்பி, நோட்டை எடு" என்கிறார். எல்லா வேலையையும் லேஅவுட்டில்தான் செய்கிறார் என்று சொல்ல மாட்டேன். அவசர வேலை வந்தால் பழைய காப்பி முறைதான். ஆனால் எண்ணும் திருத்தமும் இல்லாமல் இப்போது எந்தத் தாளும் கடையை விட்டு வெளியே போவதில்லை.

நம்மில் பலர் வீட்டில் அடுத்த சில வருடங்களில் ஒரு பிளான் வந்தே தீரும். 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்குள் இருக்கிற மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர்கள் இணையம் வழியாக உடனடி அனுமதி வாங்கலாம். நல்ல வசதி. ஆனால் சான்று கொடுப்பது நாமே என்றால் தாளில் இருப்பதற்குப் பொறுப்பும் நாமே. வரையத் தெரிய வேண்டியதில்லை. நாலு கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும்.

மொத்தம் எத்தனை தாள், அட்டவணை எங்கே? ஒவ்வொரு தாளுக்கும் தனி எண் இருக்கிறதா? கடைசித் திருத்தம் எது, தேதி என்ன? ஒரு தாளில் மாற்றம் வந்தால் அதனால் மாறுகிற மற்றத் தாள்கள் எவை?

கடைசிக் கேள்விக்கு எதிரில் இருப்பவர் யோசிக்காமல் "அதெல்லாம் ஒண்ணும் மாறாது சார்" என்று சொன்னால், தாள்களை அங்கேயே மேஜையில் விரித்து ஒரே ஒரு ஜன்னலை மட்டும் எல்லாத் தாளிலும் தேடிப் பாருங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. குழி வெட்டுவதற்கு முன்னால் இதைச் செய்தால் செலவு பத்து நிமிடம்தான்.